“படத்தைப் பரப்பிவிடுவேன்” என்று மிரட்டினால்: சட்டப் பகுதி வாசகர் கேள்வி-பதில்

இணையத்தில் மிரட்டிப் பணம் பறிப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயர், ஊர் எதையும் போடவில்லை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கீழே சட்டத்தின் பெயர் சொல்லாமல் பிரிவு எண் மட்டும் வந்தால் அது இந்தச் சட்டத்தின் பிரிவு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை ‘ஐ.டி. சட்டம்’ என்று சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஃபேஸ்புக்கில் அறிமுகமான ஒரு பெண் வாட்ஸ்அப் வீடியோ காலில் வந்தார். இரண்டே நிமிடம்தான். அதைப் பதிவுசெய்து, என் நண்பர்கள் பட்டியலின் ஸ்க்ரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்பி ரூ.25,000 கேட்டார்கள். பயத்தில் ரூ.8,000 ஜிபேயில் அனுப்பிவிட்டேன். இப்போது இன்னும் ரூ.40,000 கேட்கிறார்கள். மனைவிக்குத் தெரியாது. என்ன செய்வது?

இனி ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். நீங்கள் அனுப்பிய ரூ.8,000 அவர்களுக்குச் சொன்ன செய்தி ஒன்றுதான்: இவர் பயப்படுகிறார், இவரிடம் பணமும் இருக்கிறது. 25 கேட்டவர்கள் அடுத்து 40 கேட்பது அதனால்தான். பணம் கொடுத்தால் வீடியோவை அழித்துவிடுவார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. அழித்தார்களா என்று பார்க்கவும் உங்களுக்கு வழியில்லை.

அடுத்து எதை முதலில் செய்கிறீர்கள் என்பது முக்கியம். பெரும்பாலானவர்கள் பதற்றத்தில் சாட்டை அழித்து, எண்ணை பிளாக் செய்து, ஃபேஸ்புக் கணக்கையும் மூடிவிட்டு, அதற்குப் பிறகு காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். அங்கே காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. முதலில் ஆதாரத்தை எடுத்து வையுங்கள். பிளாக் செய்வது அதற்கு அப்புறம்தான்.

வாட்ஸ்அப் சாட்டைத் திறந்து, எதிராளியின் எண் முழுதாகத் தெரியும் பக்கத்திலிருந்து கடைசிச் செய்தி வரை மெதுவாக நகர்த்தி ஸ்க்ரீன் ரெக்கார்டிங் எடுங்கள். பிறகு அதே சாட்டை ‘எக்ஸ்போர்ட்’ செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். செய்திகள் தேதி, நேரத்தோடு ஒரு கோப்பாக வந்துவிடும். தானாக மறையும் செய்திகள் ஆன் செய்யப்பட்டிருந்தால் இதைத் தள்ளிப்போட முடியாது. ஒருமுறை மட்டும் பார்க்கக்கூடிய படமாக அனுப்பியிருந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுக்க விடாது. இன்னொரு கைபேசியால் திரையைப் படம் பிடியுங்கள். ஃபேஸ்புக்கில் பெயரை மட்டும் குறித்துக்கொண்டால் போதாது. பெயரை நாளைக்கே மாற்றிவிடுவார்கள். அந்தப் பக்கத்தின் முழு லிங்க்கையும், அதில் எண் இருந்தால் அதையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்யும்போது சாட்டையும் சேர்த்து அழிக்கும் தெரிவு வரும். கவனிக்காமல் அதைத் தட்டி ஆதாரத்தைத் தொலைப்பவர்கள் உண்டு.

பணம் போய்விட்டதால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எந்த வங்கிக் கணக்கிலிருந்து போனது, எந்த யுபிஐ முகவரிக்கு, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். கூடவே யு.டி.ஆர். எண்ணும், அதாவது அந்தப் பரிவர்த்தனையின் அடையாள எண்ணும், கேட்பார்கள். ஜிபேயில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்கத்தில் இருக்கும். அந்தப் பணம் எதிர்க்கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன் நிறுத்தி வைப்பதுதான் 1930-இன் வேலை. முதல் சில மணி நேரத்துக்கு இருக்கும் மதிப்பு மறுநாள் இருக்காது. நாட்கள் கடந்திருந்தாலும் அழையுங்கள். அந்தக் கணக்கு எண்தான் காவல்துறைக்குப் பெரும்பாலும் கிடைக்கும் முதல் துப்பு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் (சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்) புகாரைப் பதிந்து, வரும் எண்ணைக் குறித்து வையுங்கள்.

இதெல்லாம் முடிந்ததும் பதிலே சொல்லாமல் பிளாக் செய்யுங்கள். கெஞ்சல், எச்சரிக்கை, “போலீஸில் சொல்லிவிட்டேன்” என்ற வீராப்பு எதுவும் வேண்டாம். ஃபேஸ்புக்கில் நண்பர்கள் பட்டியலை ‘எனக்கு மட்டும்’ என்று மாற்றுங்கள். கணக்கை மூடித்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால் தற்காலிகமாக முடக்குங்கள். நிரந்தரமாக அழித்தால் உங்கள் பக்கத்து ஆதாரமும் போய்விடும்.

உங்கள் மனைவியிடம் நீங்களே சொல்லிவிடுவது நல்லது என்பது எங்கள் கருத்து. அவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் ‘தெரிந்துவிடும்’ என்பதுதான். நண்பர்களுக்கு ஒரு வரி போதும்: “என் பெயரில் மோசடி நடக்கிறது, தெரியாத எண்ணிலிருந்து வீடியோ வந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள்.” விளக்கம் கொடுக்கத் தேவையில்லை.

தண்டனைக்கு வருவோம். மிரட்டி, பணமும் வாங்கியாகிவிட்டது. அதனால் பிரிவு 308(2)-இன் கீழ் குற்றம் முழுமையடைந்துவிட்டது. 7 ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் உண்டு. பழைய சட்டத்தில் இது 3 ஆண்டாக இருந்தது. பெண் போல வேடமிட்டு ஏமாற்றியதற்கு ஐ.டி. சட்டம் 66டி-யின் கீழ் 3 ஆண்டு வரை சிறையும் ரூ.1 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் பதிவு செய்ததற்கு அதே ஐ.டி. சட்டத்தின் 66ஈ-யின் கீழ் 3 ஆண்டு வரை சிறை, ரூ.2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். இந்தப் பிரிவு ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. ஆண் என்பதால் புகார் எடுக்க மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

மிரட்டியவர் வெளிநாட்டில் இருந்தாலும், இந்தியாவில் உள்ள கணினி அல்லது கைபேசியைக் குறிவைத்திருந்தால் இந்தியச் சட்டம் பொருந்தும். ஏட்டளவில் இது சரி. நடைமுறையில் வெளிநாட்டு ஆசாமியைப் பிடித்துவருவது மிக மெதுவாக நடக்கும் வேலை. அப்படிப்பட்ட வழக்கில் பணம் போகும் வழியை அடைப்பதற்கும் படத்தை நீக்குவதற்கும் முதலிடம் கொடுங்கள்.

கேள்வி: இதே மாதிரி வீடியோ கால் மிரட்டல் எனக்கும் வந்தது. மூன்று நாள் கழித்து “டெல்லி சைபர் கிரைமிலிருந்து பேசுகிறேன், அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டாள், உன் பெயர் எழுதி வைத்திருக்கிறாள், கைது செய்யாமல் இருக்க ரூ.1.5 லட்சம் கட்டு” என்று ஒருவர் பேசினார். உண்மையா?

பொய். அதே கும்பலின் இரண்டாம் கட்டம் இது. முதல் மிரட்டலுக்கு மசியாதவரைச் சீருடை படம் போட்ட வாட்ஸ்அப் எண்ணிலிருந்து கூப்பிடுவார்கள். சில நேரம் “யூடியூப் அதிகாரி, வீடியோவை நீக்கக் கட்டணம் கட்டுங்கள்” என்றும் வரும். எந்தக் காவல்துறையும் வீடியோ காலில் கைது செய்வதில்லை. ‘டிஜிட்டல் கைது’ என்று சட்டத்தில் ஒன்று இல்லவே இல்லை. இந்த அழைப்பு எண்ணையும் ஏற்கெனவே கொடுத்த புகாரோடு சேர்த்துவிடுங்கள். அரசு ஊழியர் போல நடித்ததற்கு பிரிவு 204-இன் கீழ் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை.

கேள்வி: எனக்கு நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது. முன்பு பழகியவர், “கல்யாணத்தை நிறுத்து, இல்லாவிட்டால் நாம் எடுத்த படங்களை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவேன்” என்கிறார். பணம் எதுவும் கேட்கவில்லை. காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். படங்கள் என் சம்மதத்தோடு எடுக்கப்பட்டவை. என் மேலேயே தப்பு என்று சொல்லிவிடுவார்களோ?

கடைசிப் பயத்துக்கு முதலில் பதில். படம் எடுக்கச் சம்மதித்தது வேறு, அதை அடுத்தவருக்கு அனுப்பச் சம்மதிப்பது வேறு. பிரிவு 77-இன் இரண்டாவது விளக்கம் இதை நேராகவே சொல்கிறது: படம் எடுக்கப் பெண் ஒப்புக்கொண்டிருந்தாலும், பிறருக்குப் பரப்ப ஒப்புக்கொள்ளவில்லை என்றால் பரப்புவது குற்றம். முதல் முறை குற்றவாளி என்று தீர்ப்பானால் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 3 ஆண்டு சிறையும் அபராதமும். இரண்டாம் முறை 3 முதல் 7 ஆண்டு.

இப்போது உங்கள் சி.எஸ்.ஆர். விஷயம். மனு வந்தது என்பதற்கான ரசீதுதான் சி.எஸ்.ஆர். அது எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) ஆகாது. உங்கள் மனு “மிரட்டுகிறார், நடவடிக்கை எடுங்கள்” என்று மொட்டையாக இருந்திருந்தால், பிரிவு 351(2) குற்றமுறு மிரட்டலாக மட்டும் பார்த்திருப்பார்கள். 2 ஆண்டு வரை தண்டனை உள்ள அந்தக் குற்றத்தில் மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் காவல்துறை புலன்விசாரணை தொடங்க முடியாது. பல புகார்கள் இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன.

பணம் பறிக்கும் பிரிவு 308-ஐ உங்கள் வழக்கில் நம்பவும் முடியாது. அதற்குப் பணமோ சொத்தோ மதிப்புள்ள ஆவணமோ கேட்டிருக்க வேண்டும். கல்யாணத்தை நிறுத்து, என்னோடு பேசு, இன்னும் படம் அனுப்பு, தனியாக வா என்பவை எல்லாம் 308-க்குள் வராது. அதற்காகச் சட்டம் கைவிட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. வேறு பிரிவுகள் இருக்கின்றன. ஒரு பெண்ணின் கற்பொழுக்கத்தின் மேல் களங்கம் சுமத்துவேன் என்று மிரட்டுவது பிரிவு 351(3)-இல் வரும், தண்டனை 7 ஆண்டு வரை. வேண்டாம் என்று சொன்ன பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது, இணையத்தில் கண்காணிப்பது பிரிவு 78, பின்தொடர்தல். முதல் முறைக்கு 3 ஆண்டு வரை, மறுமுறைக்கு 5 ஆண்டு வரை. உடலுறவுக்கு இணங்கக் கேட்டிருந்தால் பிரிவு 75, 3 ஆண்டு வரை கடுங்காவல். ஒருவருக்காவது அனுப்பிவிட்டார் என்றால் பிரிவு 77-உம் ஐ.டி. சட்டம் 66ஈ-யும் சேரும். வெளிப்படையான பாலியல் செயல் உள்ள படமாக இருந்தால் ஐ.டி. சட்டம் 67ஏ: முதல் முறைக்கு 5 ஆண்டு வரை சிறை, ரூ.10 லட்சம் வரை அபராதம். இது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம்.

ஆகவே மனுவை மாற்றி எழுதுங்கள். வர்ணனை வேண்டாம், நடந்தது நடந்தபடி இருக்கட்டும். இப்படி:

“மேற்படி நபர், … எண்ணிலிருந்து, … தேதி இரவு 9.40 மணிக்கு, ‘…’ என்று எனக்குச் செய்தி அனுப்பினார் (இணைப்பு 1). இனித் தொடர்புகொள்ள வேண்டாம் என்று அன்றே நான் பதில் அனுப்பினேன் (இணைப்பு 2). அதன் பிறகும் … முதல் … வரை 14 முறை வேறு வேறு எண்களிலிருந்து தொடர்புகொண்டார் (இணைப்பு 3). என் அந்தரங்கப் படம் ஒன்றை என் உறவினர் ஒருவருக்கு … தேதி அனுப்பியுள்ளார் (இணைப்பு 4). பரப்புவதற்கு நான் எந்தக் காலத்திலும் சம்மதிக்கவில்லை.”

மிரட்டல் வாசகத்தை அவர் எழுதிய மாதிரியே, கொச்சையாக இருந்தாலும், எழுத்துப் பிழையோடு மேற்கோள் குறிக்குள் போடுங்கள். “தகாத வார்த்தைகளால்” என்று நாகரிகமாக எழுதினால், பிரிவைத் தீர்மானிக்கும் சொல்லே மனுவில் இல்லாமல் போய்விடும். உங்கள் வழக்கில் எது நடக்கவில்லையோ அதை எழுதாதீர்கள். ஒரு மிகைப்படுத்தல் மொத்த மனுவின் நம்பகத்தையும் கெடுக்கும்.

பின்தொடர்தல் போன்ற இந்தக் குற்றங்களில் பெண் சொல்லும் தகவலைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும் என்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 173-இல் சொல்கிறது. சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். மின்னஞ்சல் போன்ற வழியில் அனுப்பினால் 3 நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். பிரதி இலவசம். பதிவு செய்ய மறுத்தால் அதே மனுவைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அதற்கும் அசைவு இல்லையென்றால் அடுத்து மாஜிஸ்திரேட். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், அங்கே அதைக் கேட்பார்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை என்று ஒதுங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100.

கேள்வி: ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் கோர்ட்டில் செல்லாது, போட்டோஷாப் என்று சொல்லிவிடுவார்கள் என்கிறார் உறவினர். அப்படியா?

பாதி சரி. வெறும் பிரிண்ட் எடுத்த காகிதத்தை நீட்டினால் உங்கள் உறவினர் சொன்னதுதான் நடக்கும். மின்னணு ஆதாரத்தோடு, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63(4)-இன்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதன் படிவம் அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. இரண்டு பகுதி: முதல் பகுதியில் கருவியைக் கையாண்டவர், அதாவது நீங்கள், எந்தக் கைபேசி, என்ன மாடல், ஐ.எம்.இ.ஐ. எண் (கைபேசியின் அடையாள எண்) என்ன என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்து. இரண்டிலும் கோப்பின் ஹேஷ் மதிப்பு கேட்கப்படும். ஹேஷ் என்றால் கோப்பின் கைரேகை மாதிரி. உள்ளே ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண்-எழுத்து வரிசை முழுதாக வேறாகிவிடும்.

இதனால்தான் படத்தை வெட்டாதீர்கள், வட்டம் போட்டுக் காட்டாதீர்கள், அம்புக்குறி வரையாதீர்கள் என்கிறோம். குறியிட வேண்டுமானால் ஒரு பிரதியில் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி வேறு கோப்பாகிவிடும், ஹேஷும் மாறிவிடும். பென்டிரைவில் அசலை நேரடியாக நகலெடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், மிரட்டல் வந்த கைபேசியை ரீசெட் செய்யாமல், விற்காமல் வைத்திருப்பது. எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் கைபேசியைக் கொடுத்துவிட்டுப் பிறகு ஆதாரத்தைத் தேடுவதில் பயனில்லை.

கேள்வி: என் 15 வயது மகன் ஆன்லைன் கேமில் பழகிய ஒருவருக்குப் படம் அனுப்பியிருக்கிறான். இப்போது “இன்னும் அனுப்பு, இல்லாவிட்டால் உன் ஸ்கூல் குரூப்பில் போடுவேன்” என்று மிரட்டுகிறார்கள். போலீஸுக்குப் போனால் அவன் படிப்பு போய்விடுமா?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். இந்தப் பதிலில் மட்டும், வெறுமனே வரும் பிரிவு எண்கள் போக்சோவினுடையவை. குழந்தையின் உடலை அல்லது பாலியல் செயலைக் காட்டும் படத்தை, அது உண்மையோ ஜோடிக்கப்பட்டதோ, ஊடகத்தில் பயன்படுத்துவேன் என்று மிரட்டுவதே பிரிவு 11-இன்படி குற்றம். பிரிவு 12-இல் 3 ஆண்டு வரை சிறை. குழந்தையை ஆபாசப் படத்துக்குப் பயன்படுத்தியதாக நிரூபணமானால் பிரிவு 14-இன் கீழ் குறைந்தபட்சமே 5 ஆண்டு. ஐ.டி. சட்டம் 67பி-யும் சேரும்: முதல் முறைக்கு 5 ஆண்டு வரை, ரூ.10 லட்சம் வரை.

படிப்பு போகாது. குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, குடும்பம் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று பிரிவு 23 தடுக்கிறது. வாக்குமூலத்தை வீட்டிலோ அவன் விரும்பும் இடத்திலோ வாங்கலாம். அதிகாரி சீருடையில் வரக் கூடாது. இதை நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய உரிமையாக நினைத்துக் கேளுங்கள். தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது பிரிவு 21-இன்படி பெரியவர்களுக்குக் குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளி நிர்வாகம் “நமக்குள்ளேயே முடித்துக்கொள்வோம்” என்று சொன்னால் இதை நினைவூட்டுங்கள்.

பெற்றோர் செய்யும் ஒரு தவறு: ஆதாரம் என்று அந்தப் படத்தைச் சித்தப்பாவுக்கும் வகுப்பாசிரியருக்கும் ஃபார்வர்டு செய்வது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் அப்படிப்பட்ட படத்தை அனுப்புவதே சட்டச் சிக்கல். யாருக்கும் அனுப்பாமல் கைபேசியாகவே அதிகாரியிடம் காட்டுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

அவனைத் திட்டுவதைத் தள்ளி வையுங்கள். மிரட்டலின் முதல் இரண்டு நாளில் பிள்ளைகள் விபரீத முடிவை யோசிக்கக்கூடும். இரவில் தனியே விடாதீர்கள். 14416, டெலிமானஸ் என்ற மனநல உதவி எண், எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

கேள்வி: கடன் ஆப்பில் ரூ.6,000 வாங்கினேன். தவணை தவறியதும் என் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி, என் காண்டாக்ட்டில் உள்ளவர்களுக்கெல்லாம் அனுப்புகிறார்கள். வாங்கியது உண்மை என்பதால் புகார் கொடுக்க முடியுமா?

தாராளமாக. கடன் பாக்கி சிவில் விவகாரம், மிரட்டல் குற்றவியல் விவகாரம். ஒன்று இன்னொன்றுக்கு அனுமதிச் சீட்டு அல்ல. நற்பெயரைக் கெடுக்க மின்னணுப் பதிவைப் போலியாக உருவாக்குவது பிரிவு 336(4), 3 ஆண்டு வரை. அவதூறு பிரிவு 356. ஆபாசப் படம் அனுப்புவது ஐ.டி. சட்டம் 67. வாங்கியதைவிடக் கூடுதலாக மிரட்டிப் பிடுங்கியிருந்தால் 308.

டிஜிட்டல் கடன் ஆப்கள் உங்கள் காண்டாக்ட், கேலரி, கால் பதிவுகளைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இலேயே சொல்லிவிட்டது. அனுமதி பெற்ற நிறுவனங்களின் ஆப் பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலேயே இருக்கிறது. உங்கள் ஆப் அதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ புகார் தளத்தில் புகார் செய்யுங்கள். ஆப்பை நீக்குவதற்கு முன் அதன் பெயர், உருவாக்கியவர் பெயர், கடன் ஒப்பந்தம், பணம் கட்டச் சொன்ன யுபிஐ முகவரிகள் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பலர் கோபத்தில் முதலில் ஆப்பைத் தூக்கிவிடுகிறார்கள். ஆப் போனாலும் ஏற்கெனவே உறிஞ்சிய காண்டாக்ட் பட்டியல் அவர்களிடம் இருக்கும்.

கேள்வி: படம் இணையத்தில் ஏறிவிட்டது. நீக்க முடியுமா?

முடியும். எல்லா இடத்திலிருந்தும் ஒரேயடியாக என்று சொல்ல மாட்டோம். ஆனால் பெரிய தளங்களிலிருந்து விரைவாகவே எடுக்கலாம்.

தளத்தின் ‘ரிப்போர்ட்’ பொத்தானில் ‘பிடிக்கவில்லை’, ‘ஸ்பேம்’ என்று தட்டாதீர்கள், வரிசையின் கடைசிக்குப் போய்விடும். ‘சம்மதமில்லாத நிர்வாணப் படம்’ என்ற பொருள்படும் தெரிவைத் தேடுங்கள். கூடவே அந்தத் தளத்தின் இந்தியக் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்தரங்கப் படம், மார்ஃபிங் செய்த படம் இரண்டையும் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021-இல் வந்த ஐ.டி. விதிகள், 3(2)(பி), கெடு வைத்தன. உங்களுக்காக வேறொருவரும் புகார் கொடுக்கலாம். மின்னஞ்சலில் ஒவ்வொரு லிங்க்கையும் தனித்தனியாகக் கொடுங்கள். “உங்கள் தளத்தில் என் படம் இருக்கிறது” என்று மட்டும் எழுதினால் யாராலும் தேடி எடுக்க முடியாது. அதிகாரியின் பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். கூகுள் தேடலிலிருந்து எடுக்கத் தனிப் படிவம் இருக்கிறது. அதை நிரப்பினால் தேடலில் வராது, ஆனால் மூலத் தளத்தில் படம் அப்படியே இருக்கும். இரண்டுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

ஏறும் முன்பே தடுக்க ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற இலவசத் தளம் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. உங்கள் படத்தை அது வாங்கிக்கொள்வதில்லை. உங்கள் கருவியிலேயே ஹேஷ் எடுத்து அதை மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற பங்கேற்கும் தளங்களுக்குக் கொடுக்கிறது. 18 வயதுக்குள் எடுத்த படமானால் ‘டேக் இட் டவுன்’ தளம். இரண்டுக்கும் வரம்பு உண்டு: படத்தை நன்றாக வெட்டி மாற்றிவிட்டால் ஹேஷ் பொருந்தாமல் போகலாம், என்க்ரிப்ட் செய்த தனிச் சாட்டுகளுக்குள் இது எட்டாது. மிரட்டுகிறவரிடம் நான்கு படம் இருந்தால் நான்குக்கும் ஹேஷ் கொடுங்கள்.

தளங்கள் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் வழக்கில், பரவிய படங்களை 48 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

நீக்கச் சொல்லும் முன் லிங்க்கோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாயிற்றா என்று ஒருமுறை பாருங்கள். நீக்கிய பதிவின் விவரத்தைத் தளங்கள் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் காலத்துக்குள் விவரங்களைப் பாதுகாத்து வைக்கும்படி தளத்துக்கு எழுதச் சொல்லி விசாரணை அதிகாரியிடம் மனுவிலேயே கேளுங்கள்.

கேள்வி: மிரட்டிய பையனின் வீட்டார் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். எங்கள் கண் முன்னாலேயே படங்களை அழித்தான். புகாரை வாபஸ் வாங்கலாமா?

கண் முன்னால் அழித்தது கேலரியிலிருந்து. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆகியிருந்தால் அழித்த படம் 60 நாள் வரை குப்பைத் தொட்டியில் இருக்கும், ஒரு தட்டில் திரும்பி வந்துவிடும். வாட்ஸ்அப் பேக்கப், டெலிகிராம், இன்னொரு நண்பனின் கைபேசி எல்லாம் தனி. நீங்கள் அவனை அழிக்கச் சொன்னது அவனுக்கெதிரான ஆதாரத்தை அழித்த மாதிரியும் ஆகிவிடலாம். சமரசம் பேசுகிற கூட்டத்தில் யாரும் கைபேசியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டால் உங்கள் விருப்பப்படி மட்டும் வாபஸ் வாங்க முடியாது. பணம் பறித்தல், அந்தரங்கப் படம், பின்தொடர்தல் ஆகியவை சமரசமாகும் குற்றங்களின் பட்டியலில் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ரத்து கோரி மனுப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். இன்னும் பதிவாகாத நிலையில் என்றால், முடிவைத் தள்ளிப்போட இடமிருக்கிறது. 1 ஆண்டுக்கு மேல் 3 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள 3 ஆண்டு கால வரம்பு, அதற்கு மேல் தண்டனை உள்ளவற்றுக்கு வரம்பே இல்லை. ஆனால் தளங்களின் பதிவேடு அத்தனை காலம் காத்திருக்காது. சமரசம் என்று முடிவெடுத்தாலும் எக்ஸ்போர்ட் செய்த சாட், லிங்க் பட்டியல், சி.எஸ்.ஆர். ரசீது மூன்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு, நாங்கள் மேலே சொன்ன ஹேஷ் மதிப்பைக் காகிதத்தில் தேதியோடு எழுதி, மிரட்டல் வந்த கைபேசியோடு சேர்த்து வையுங்கள்.